நான்கு மில்லிமீட்டர் பலகையில் ஒரு படகு

தம்புள்ளைக்குப் பக்கத்தில் கண்டலமக் குளத்தில் மீன்பிடிக்கும் வள்ளங்களைக் கரையில் நின்று பார்த்திருப்பீர்கள். ஒரு ஆள் சம்மணமிட்டு உட்கார முடியாத அளவுக்கு ஒடுக்கமான உடல். அதன் ஒரு பக்கத்தில் மட்டும் இரண்டு தடிகள் வெளியே நீண்டு, அவற்றின் முனையில் ஒரு மிதவை நீரோடு ஒட்டிக் கிடக்கும். சிங்களத்தில் இதை ‘ஒருவ’ என்பார்கள். முன்பு மரத்தைக் குடைந்து செய்தார்கள். மிதவைக்கு மலைவேம்பு போன்ற எடை குறைந்த மரம். இன்று உடல் ஃபைபர் கிளாஸாகிவிட்டது, உருவம் மட்டும் மாறவில்லை. மிதவையைக் கழற்றிவிட்டு இதில் ஏறினால் கரையை விட்டு நகர்வதற்குள் தலைகீழாகிவிடும்.

அதே குளத்தில் ஒரு கயாக்கை இறக்குங்கள். அகலம் 55, 60 சென்டிமீட்டர்தான். பக்கத்தில் தடியும் இல்லை, மிதவையும் இல்லை. ஆனாலும் ஆள் அதில் உட்கார்ந்து இரட்டைத் துடுப்பைப் போட்டுக்கொண்டு போகிறார். அவரைக் கவிழாமல் வைத்திருப்பது எது?

இந்தக் கேள்விக்கு விடை தெரிந்தால், எட்டுக்கு நான்கு அடி பிளைவுட் மூன்று தாளை வாங்கி வீட்டு விறாந்தையிலேயே ஒரு கயாக் கட்டிவிடலாம். கடலே இல்லாத மாத்தளை மாவட்டத்தில் கயாக் எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல்: பொல்கொல்லையில் மறிக்கப்படும் மகாவலி நீர் சுமார் 8 கிலோமீட்டர் சுரங்கத்தில் மலையைக் குடைந்து வந்து 1976 முதல் உக்குவளையில் மின்சாரம் தருகிறது. பிறகு சுது கங்கையில் விழுந்து, அம்பன் கங்கையாகி, போவதென்ன நீர்த்தேக்கத்தில் தேங்குகிறது. அதற்கும் கீழே, 2018இல் திறக்கப்பட்ட மொரகஹகந்த. படகு விட இங்கே நீருக்குப் பஞ்சமில்லை.

கேள்விக்கு வருவோம். படகின் மேல் இரண்டு விசைகள் வேலை செய்கின்றன. படகும் ஆளும் சேர்ந்த எடை கீழ்நோக்கி இழுக்கிறது. அந்த எடை முழுவதும் ஒரே புள்ளியில் தொங்குவதாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம். அது ஈர்ப்பு மையம். நீர் மேல்நோக்கித் தள்ளுகிறது; அந்தத் தள்ளல் முழுவதும், படகு நீருக்குள் பிடித்திருக்கும் இடத்தின் நடுப்புள்ளி வழியாகப் போகிறது. அது மிதப்பு மையம். 20 கிலோ கயாக்கில் 70 கிலோ ஆள் இருந்தால் 90 லீற்றர் நீரை அது ஒதுக்கியாக வேண்டும். நாலரை மீட்டர் நீளப் படகு அதற்கு எட்டு, ஒன்பது சென்டிமீட்டர் அமிழ்ந்தால் போதும்.

ஒரு கயாக்கில் ஈர்ப்பு மையம் மேலே இருக்கிறது, மிதப்பு மையம் கீழே இருக்கிறது. மேலே பாரம், கீழே தாங்கல் என்றால் அது கவிழத்தானே வேண்டும்? பல நூற்றாண்டுகள் கப்பல் கட்டியவர்களுக்கே இது விளங்கவில்லை. அனுபவத்தில் கட்டினார்கள், ஆட்களை ஓடவிட்டுப் பார்த்தார்கள். இது பகடி இல்லை. சுவீடன் மன்னருக்காகக் கட்டப்பட்ட ‘வாசா’ என்ற போர்க்கப்பலைச் சோதிக்க முப்பது மாலுமிகளைத் தளத்தில் இப்பக்கமிருந்து அப்பக்கமாக ஓடச் சொன்னார்கள். மூன்று ஓட்டத்தில் கப்பல் ஆடிய ஆட்டத்தைப் பார்த்துச் சோதனையை நிறுத்திவிட்டார்கள், கப்பலை நிறுத்தவில்லை. 1628 ஓகஸ்ட் 10ஆம் திகதி ஸ்டொக்ஹோமில் புறப்பட்ட வாசா, ஒன்றரைக் கிலோமீட்டர்கூடப் போகாமல் கவிழ்ந்து மூழ்கியது.

அறிவியல் விளக்கம் அச்சில் வந்தது 1746இல். எழுதியவர் பியர் பூகேர் என்ற பிரெஞ்சுக்காரர். பூமியின் வடிவத்தை அளக்கத் தென் அமெரிக்காவின் அண்டீஸ் மலைக்குப் போனவர்; கடலிலிருந்து வெகு தூரத்தில், மலையுச்சிக் குளிரில் இருந்துகொண்டு கப்பல் எப்படிச் சாயும் என்று எழுதியிருக்கிறார். கிட்டத்தட்ட அதே காலத்தில் லெயோன்ஹார்ட் ஒய்லரும் தனியாக இதே பிரச்சினையில் முடிவு கண்டார்.

அவர்கள் கண்டது இதுதான். படகு சாயும்போது ஈர்ப்பு மையம் இருந்த இடத்திலேயே இருக்கிறது, ஆனால் நீருக்குள் இருக்கும் பகுதியின் வடிவம் மாறுகிறது. சாய்ந்த பக்கம் கூடுதலாக அமிழ்கிறது, மறுபக்கம் நீரை விட்டு எழுகிறது. ஆகவே மிதப்பு மையம் சாய்ந்த பக்கமாக நகர்கிறது. நகர்ந்த இடத்திலிருந்து நேர்மேலே ஒரு கோடு இழுத்தால் அது படகின் நடுக்கோட்டை ஓரிடத்தில் வெட்டும். பொறியியலாளர் மெட்டாசென்டர் என்று சொல்லும் அந்தப் புள்ளியைச் சாய்மையம் என்று வைத்துக்கொள்வோம். சாய்மையம் ஈர்ப்பு மையத்துக்கு மேலே இருந்தால் நீரின் தள்ளல் படகை நிமிர்த்தும். கீழே இருந்தால் அதே தள்ளல் படகைப் புரட்டும்.

உருண்டையான மரக்குற்றி எப்படிச் சுழன்றாலும் நீருக்குள் இருக்கும் வடிவம் மாறுவதே இல்லை. சாய்மையம் குற்றியின் நடுவிலேயே கிடக்கும். அதன்மேல் ஏறி உட்கார்ந்தவரின் பாரம் அதைவிட மேலே, எனவே சுழன்றுவிடும். கயாக்கின் அடி தட்டையை ஒட்டியது, அதனால் சிறு சாய்விலேயே மிதப்பு மையம் தூரமாக நகர்கிறது. இதில் அகலத்தின் பங்கு நாம் நினைப்பதைவிடப் பெரிது. எடை மாறாமல் இருக்க, மிதப்பு மையத்துக்கு மேலே சாய்மையம் நிற்கும் உயரம் அகலத்தின் மும்மடியாக மாறுகிறது. 50 சென்டிமீட்டரை 55 ஆக்கினால் அகலம் பத்து சதவீதம்தான் கூடுகிறது. அந்த உயரம் மூன்றில் ஒரு பங்கு கூடிவிடுகிறது. ஆனால் அகலம் கூடக் கூடத் துடுப்பும் கனக்கும்.

சாதாரண வீட்டுக் கயாக்கில் கணக்குப் போட்டால் சாய்மையம் படகின் அடியிலிருந்து ஏறத்தாழ 35 சென்டிமீட்டர் உயரத்தில் வரும். அடித்தளத்திலேயே உட்கார்ந்திருப்பவரையும் சேர்த்த ஈர்ப்பு மையம் 25 சென்டிமீட்டர் அளவில். நடுவில் உள்ள அந்தப் பத்து சென்டிமீட்டர்தான் உங்கள் சொத்து. வசதியாக இருக்கட்டும் என்று இருக்கையை ஐந்து சென்டிமீட்டர் உயர்த்தினால் கிட்டத்தட்டப் பாதிச் சொத்து போயிற்று. எழுந்து நின்றால் எல்லாமே போயிற்று.

கண்டலமக் குளத்து மீனவர் மிதவை வைத்திருப்பதன் நியாயம் இங்கேதான் தெரிகிறது. அவர் நீட்டி உட்கார்ந்து துடுப்புப் போடுபவர் இல்லை. எழும்பி, குனிந்து, ஓரமாகச் சாய்ந்து வலையை இழுக்க வேண்டியவர். அவருடைய ஈர்ப்பு மையம் ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கும். மிதவைப் பக்கம் சாய்ந்தால் மிதவை அமிழ்ந்து மேலே தள்ளும். எதிர்ப்பக்கம் சாய்ந்தால் நீரை விட்டு எழும் மிதவையின் எடை கீழே இழுக்கும். தடியின் நீளம் இரண்டையும் பெருக்கிக் கொடுக்கிறது. படகை அகலமாக்காமலே அகலத்தின் பலனை எடுத்துக்கொள்ளும் உபாயம் இது. கயாக் செய்த ஆர்க்டிக் பகுதி மக்கள் எதிர்த்திசையில் போனார்கள்: ஆளை அடித்தளத்தில் உட்காரவைத்து, இடுப்பைச் சுற்றி மூடினார்கள்.

அடுத்த சிக்கல் பலகை. வீட்டில் கட்டும் கயாக்குக்குப் பெரும்பாலும் நான்கு மில்லிமீட்டர் பிளைவுட் போதும் என்கிறார்கள். எட்டுக்கு நான்கு அடித் தாள் ஒன்று ஆறு, ஏழு கிலோ. தரையில் இரண்டு செங்கல்லை வைத்து அதன்மேல் இந்தப் பலகையைப் போட்டு நடுவில் முழங்காலை ஊன்றிப் பாருங்கள், தொய்ந்துவிடும். இதை நம்பியா நீரில் இறங்குவது?

வீட்டுக் காகிதம் ஒன்றை எடுத்து ஒரு மூங்கிலைச் சுற்றுங்கள். ஒழுங்காகப் படியும். அதே காகிதத்தைத் தேங்காயில் சுற்றப் பாருங்கள். எவ்வளவு இழுத்தாலும் சுருக்கம் விழும், இல்லாவிட்டால் கிழியும். ஒரு தாள் ஒரு திசையில் வளையும். வளைந்த நிலையில் மறு திசையிலும் வளைய வேண்டுமென்றால் அதன் மேற்பரப்பு எங்காவது நீள வேண்டும் அல்லது சுருங்க வேண்டும். கார்ல் ஃபிரடெரிக் காவுஸ் 1827இல் இதைக் கணிதமாக நிறுவினார். தாமே வியந்து, ‘சிறப்புத் தேற்றம்’ என்ற பொருள்பட இலத்தீனில் அதற்குப் பெயரும் வைத்தார்.

தேங்காயில் தடையாக இருக்கும் இந்த விதி படகில் கைகொடுக்கிறது. தோட்டத்து லயன் கூரைத் தகரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். தட்டைத் தகரம் காற்றுக்கே படபடக்கும். அதே தடிப்பில் நெளித் தகரம் ஆளைத் தாங்கும். குறுக்கே நெளிந்துவிட்ட தகரம் நெடுக வளைய முடியாது, வளைய வேண்டுமென்றால் உலோகமே நீள வேண்டும். அது அவ்வளவு சுலபமாக நடக்காது. பிளைவுட்டும் இப்படித்தான். முனையிலிருந்து முனைவரை ஒரு திசையில் வளைத்து, அந்த வளைவைத் தளரவிடாமல் ஓரங்களைக் கட்டிவிட்டால், முழங்காலுக்குத் தொய்ந்த அதே பலகை தட்டினால் ‘டக்’ என்று ஒலிக்கும் கெட்டியான ஓடாகிவிடும். உள்ளே விலா எலும்புபோல் சட்டங்கள் தேவைப்படுவதில்லை.

இதனால் படகின் வரைபடத்துக்கு ஒரு கட்டுப்பாடும் வருகிறது. ஒவ்வொரு பலகையும் ஒரு திசையில் மட்டும் வளையும்படி வடிவமைக்க வேண்டும். அப்படிப்பட்ட பரப்பைத் தட்டையாக விரித்துத் தாளில் வரைந்து வெட்டலாம். இதை விரிபரப்பு என்று சொல்லலாம். கீழ்ப்பலகை இரண்டு, பக்கப்பலகை இரண்டு. நான்கையும் தரையில் பரப்பிப் பார்த்தால் படகு என்றே தோன்றாது. வாள் வடிவில் நீண்ட துண்டுகள், அவ்வளவுதான். எட்டடித் தாள் இரண்டரை மீட்டருக்கும் சற்றுக் குறைவு என்பதால் இரண்டை நீளவாக்கில் இணைக்க வேண்டும். முனையோடு முனை ஒட்டினால் நிற்காது. இரண்டு முனைகளையும் தடிப்பின் எட்டு மடங்கு நீளத்துக்கு, அதாவது 32 மில்லிமீட்டருக்கு, ஒன்றுமில்லாமல் போகும்வரை சாய்வாகச் சீவி ஒன்றன்மேல் ஒன்று படியவைத்து ஒட்ட வேண்டும். ஒட்டும் பரப்பு எட்டு மடங்காகிறது. சீவுளி பிடித்துப் பழகாதவர்களுக்கு முழு வேலையிலும் இதுதான் கஷ்டம்.

பிறகு தையல். பலகையின் ஓரத்திலிருந்து ஒரு சென்டிமீட்டர் உள்ளே, ஒரு சாணுக்கு ஒன்று என்று சிறு துளைகள். வீட்டு மின்வயரின் தோலை உரித்தால் கிடைக்கும் செப்புக் கம்பியைத் துண்டு துண்டாக நறுக்கி, இரண்டு பலகைகளையும் சேர்த்துத் துளையில் கோத்து, வெளியே வரும் இரு முனைகளையும் குறட்டால் முறுக்க வேண்டும். முதலில் எல்லாவற்றையும் தளர்வாக முறுக்கிவைப்பதே முறை. இரண்டு கீழ்ப்பலகைகளையும் நடுக்கோட்டில் தைத்து விரித்துப் பிடித்தால், நேராகக் கிடந்த துண்டுகள் தாமாகவே முன்னும் பின்னும் மேலெழுந்து கூர் முனையாகும். யாரும் செதுக்கவில்லை, வெட்டிய ஓரத்தின் வளைவு அந்த உருவத்தைத் தருகிறது. பக்கப்பலகைகளையும் தைத்த பின் படகைச் சுற்றிச் சுற்றி வந்து ஒவ்வொரு கம்பிக்கும் அரை முறுக்குக் கொடுப்பார்கள். ஒரேயடியாக இறுக்கினால் துளை கிழியும்.

இதை ‘தைத்து ஒட்டும் முறை’ என்பார்கள். இங்கிலாந்தில் கென் லிட்டில்டைக் என்பவர் கயாக்குகளுக்காக உருவாக்கியது. தொலைக்காட்சியில் வீட்டு வேலை சொல்லிக்கொடுத்த பாரி பக்னெலும் படகு வடிவமைப்பாளர் ஜாக் ஹோல்ட்டும் 1960களின் தொடக்கத்தில் இதே முறையில் ‘மிரர்’ என்ற சிறு பாய்ப்படகை வெளியிட்டார்கள். ‘டெய்லி மிரர்’ நாளிதழ் அதன் பின்னால் நின்றது. உலகெங்கும் 70,000 படகுகள்வரை ஆயின. நம் பக்கத்தில் படகைத் தைப்பது புதுமை இல்லை. சென்னைக்குத் துறைமுகம் வருவதற்கு முன் அலையைத் தாண்டிக் கப்பல் பயணிகளைக் கரைக்குக் கொண்டுவந்தவை தென்னங்கயிற்றால் தைத்த மசூலாப் படகுகள். மரம் குடைந்த ஒருவவிலும் பக்கச்சுவர்ப் பலகைகளைக் கயிற்றால் தைத்துத்தான் உயர்த்தினார்கள்.

இரண்டு தையலுக்கும் நோக்கம் வேறு. மசூலாவின் தையல் கடைசிவரை பாரம் சுமக்கும், அலையில் அடிபடும்போது பலகைகள் சற்று விலகிக்கொடுக்கும். கயாக்கின் செப்புக் கம்பி பசை இறுகும்வரை பிடித்துக்கொள்ளும் கைதான். எப்பொக்சிப் பிசினில் நைசான மரத்தூளைக் குழைத்து, மூட்டின் உள்மூலையில் அப்பி, விரல் நுனியளவு வளைவாக வழித்துவிடுவார்கள். கூரான மூலையில் விசை முழுவதும் ஒரே கோட்டில் குவியும். வளைந்த மூலையில் பரவிப்போகும். அதன்மேல் கண்ணாடி இழை நாடாவைப் படியவைத்துப் பிசினில் நனைத்தால் மூட்டு பலகையைவிடப் பலமாகிவிடும். கம்பியை நறுக்கி எறியலாம்.

எப்பொக்சி இறுகுவது வேதிவினை, காய்வது கிடையாது. வினையில் வெப்பம் பிறக்கிறது, அந்த வெப்பமே வினையை இன்னும் விரட்டுகிறது. பொதுவாகப் பத்துப் பாகை கூடினால் வேகம் இரட்டிப்பாகும் என்பது கணக்கு. குளிர்நாட்டில் எழுதிய குறிப்பில் அரை மணி நேரம் என்று போட்டிருந்தால் மாத்தளை மத்தியானத்தில் அதை நம்பக்கூடாது. ஆழமான கோப்பையில் கலந்து வைத்தால் சூடு வெளியேற வழியில்லாமல் புகைந்துவிடும். தட்டையான தட்டில் பரப்பி, காலையிலேயே வேலையை முடிப்பது நல்லது. கையுறை இல்லாமல் தொடவே வேண்டாம், தோலுக்கு ஒவ்வாமை வந்தால் லேசில் போகாது.

மரத்தைத் துண்டுப் பலகையாக வைக்காமல் ஏன் பிளைவுட்? மரம் ஈரம் குடித்தால் வீங்கும். எல்லாத் திசையிலும் ஒரே அளவில் வீங்காது. நாரோட்டத்தின் நீளத்தில் மாற்றம் ஆயிரத்தில் ஓரிரு பங்குதான். குறுக்கே, வளர்வளையத்தை ஒட்டிய திசையில், பச்சை மரத்துக்கும் முற்றாகக் காய்ந்த மரத்துக்கும் வித்தியாசம் ஐந்து முதல் பத்து சதவீதம். வாரம் ஒருநாள் குளத்தில், ஆறு நாள் விறாந்தை வெயிலில் என்று கிடக்கும் பலகைப் படகு வெடித்து ஒழுகுவது இதனால்தான். பிளைவுட்டில் அடுத்தடுத்த தட்டுகளின் நாரோட்டம் ஒன்றுக்கொன்று குறுக்காக இருக்கிறது. ஒரு தட்டு எந்தத் திசையில் வீங்கப் பார்க்கிறதோ அந்தத் திசையில் பக்கத்துத் தட்டு அசையாமல் பிடித்துக்கொள்கிறது.

எல்லாம் தட்டுகளுக்கு இடையிலுள்ள பசையைப் பொறுத்தது. கடையில் ‘மரைன்’ என்று முத்திரை குத்தியிருப்பதைக் கண்டு மயங்க வேண்டாம். இந்தியத் தரவிதியில் மரைன் பிளைவுட் 72 மணி நேரம் கொதிநீரில் கிடந்து பிரியாமல் வர வேண்டும். அந்தச் சோதனையின் சிறு வடிவத்தை வீட்டிலேயே செய்யலாம். கழிவுத் துண்டு ஒன்றைப் பழைய சட்டியில் சில மணி நேரம் கொதிக்கவிட்டு, வெயிலில் காயவைத்து, மறுபடி கொதிக்கவிடுங்கள். பிறகு உளியால் தட்டைப் பிளந்து பாருங்கள். பசைக்கோட்டில் சுத்தமாகக் கழன்றால் அந்தப் பலகை அலுமாரிக்குத்தான் ஆகும். நார் நாராக மரமே கிழிந்தால் பசை மரத்தைவிடப் பலம், அதை வாங்கலாம்.

பிளைவுட் பிடிக்காதவர்களுக்கு வேறு வழியும் இருக்கிறது. எடை குறைந்த மரத்தை ஆறு மில்லிமீட்டர்க் கீலங்களாக அறுத்து, அச்சுச் சட்டங்களின்மேல் ஒவ்வொன்றாக ஒட்டி, இரு பக்கமும் கண்ணாடி இழை போர்த்துவது. ஒவ்வொரு கீலமும் ஒடுக்கமானது என்பதால் தேங்காய்ச் சுற்று போன்ற இரட்டை வளைவும் வரும். மலைவேம்பு இதற்குப் பொருந்தும் என்று நினைக்கிறேன். நேரம் மட்டும் இரண்டு மூன்று மடங்கு பிடிக்கும்.

முதலில் நீரில் இறக்கும் நாளில் பூகேரின் கணக்கைச் சரிபார்க்கலாம். இடுப்பளவு நீரில், காற்றில்லாத காலையில், உயிர்காப்பு அங்கியோடு உட்காருங்கள். குறுக்கே கட்டிய சட்டத்தில் அரை மீட்டர் நூலில் தூக்குக்குண்டு ஒன்றைத் தொங்கவிடுங்கள். ஐந்து லீற்றர் தண்ணீர்க் கலன் ஒன்றை நடுவிலிருந்து 20 சென்டிமீட்டர் பக்கவாட்டில் யாராவது நகர்த்தட்டும். நீங்கள் அசையக் கூடாது. எல்லாம் சேர்த்து 90 கிலோவாக இருந்து, சொத்து பத்து சென்டிமீட்டராக இருந்தால், குண்டு ஐந்தரை சென்டிமீட்டர் அளவு விலக வேண்டும். பதினொன்று விலகினால் சொத்து பாதிதான், இருக்கையைத் தாழ்த்துங்கள். பெரிய கப்பல்களையும் இன்றுவரை இப்படி எடையை நகர்த்திச் சாய்த்துத்தான் சோதிக்கிறார்கள்.

இந்தக் கணக்கெல்லாம் சிறு சாய்வுக்கு மட்டும். மே முதல் செப்டெம்பர்வரை தம்புள்ளைப் பக்கம் வீசும் கச்சான் காற்றில் அகன்ற நீர்த்தேக்கத்தின் நடுவில் எழும் அலைக்கு இது பதில் சொல்லாது. வரண்ட வலயத்துக் குளங்களில் முதலையும் உண்டு. கரையில் மீனவரிடம் கேட்காமல் இறங்குவது புத்திசாலித்தனமில்லை.

கவிழ்ந்தாலும் படகு மூழ்காமலிருக்க முன்னும் பின்னும் தடுப்புப் பலகை வைத்துக் காற்று அறைகள் அடைப்பார்கள். நன்றாக அடைத்துவிட்டோம் என்று வெயிலில் விட்டுப் போனால் அங்கே ஒரு வம்பு காத்திருக்கிறது. 30 பாகையில் அடைபட்ட காற்று கருமையான மேல்தளத்தின் கீழ் 60 பாகைக்குச் சூடேறினால் அழுத்தம் பத்து சதவீதம் கூடும். சதுர மீட்டருக்கு ஏறத்தாழ ஒரு தொன். நாலரை மீட்டர் கயாக்கின் தடுப்புப் பலகை ஒரு சதுர மீட்டரில் பத்தில் ஒரு பங்குதான் இருக்கும். அப்படியும் நூறு கிலோ எடை அதை உள்ளிருந்து தள்ளுகிறது. மூட்டு பிளக்க அது போதும். அனுபவசாலிகள் தடுப்புப் பலகையின் மேல்விளிம்புக்குப் பக்கத்தில் இரண்டு மில்லிமீட்டரில் ஒரு துளை போட்டுவிடுகிறார்கள். சூடான காற்று அதன் வழியாக மெல்ல வெளியேறும்; கவிழ்ந்த சில நிமிடங்களில் அதன் வழியாக நுழையும் தண்ணீர் ஓரிரு கோப்பைதான் இருக்கும்.